பூச்சி மருந்தும் தடுப்பூசியும்: தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இரண்டையும் காலம் தவறாமல் கொடுப்பது எப்படி

கிளினிக் நாளன்று குழந்தையை இடுப்பில் சுமந்தபடி வரிசையில் நிற்கும் தாய்மாரிடமிருந்து ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. “பிள்ளைக்கு வயிற்றில் பூச்சி இருக்கிறது போலத் தெரிகிறது. இன்றைக்கு ஊசி போடலாமா, அல்லது பூச்சி மருந்து கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்துவிட்டு அடுத்த மாதம் கொண்டு வரட்டுமா?” விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்றைக்கே போட வேண்டும். வயிற்றில் புழு இருப்பது எந்தத் தடுப்பூசியையும் தள்ளிப்போடுவதற்கான காரணம் அன்று.

ஆயினும் அந்தத் தாயின் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. குடலில் நெடுநாள் குடியிருக்கும் புழுக்கள், தடுப்பூசிக்கு உடல் தரவேண்டிய பதிலை மந்தமாக்கக்கூடும் என்பதைப் பல நாடுகளில் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அவள் தன் அனுபவத்தால் தொட்டிருப்பது உண்மையான ஒரு விடயத்தையே. அந்தப் பாதிப்பு எவ்வளவு, எந்த வயதில், எந்தத் தடுப்பூசிக்கு, அதற்காக நாம் வீட்டிலும் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைமடுவத்திலும் பாடசாலையிலும் செய்யக்கூடியது என்ன என்பவற்றை இலங்கை மலையகத்துச் சூழலுக்கு ஏற்ப விளக்குவதே இவ்வழிகாட்டியின் நோக்கம்.

எந்தப் பூச்சி?

நம்மிடையே ‘பூச்சி’ என்ற ஒரே சொல் பல உயிர்களைக் குறிக்கிறது. தாய்மார் கண்ணால் காண்பது பெரும்பாலும் கீரிப்பூச்சியைத்தான். அது வெள்ளை நூல் துண்டுபோல இருக்கும். இரவில் ஆசனவாயைச் சுற்றி அரிப்பை உண்டாக்கும். வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும். அது தொல்லை தருவதே தவிர, தடுப்பூசி பற்றிய ஆய்வுகள் பேசுவது அதைப் பற்றி அன்று. அவை பெரிதும் கவனிப்பது, மண்வழியே பரவும் வட்டப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு ஆகிய மூன்றையும், ஆபிரிக்க நாடுகளில் காணப்படும் வேறு சில ஒட்டுண்ணிகளையுமே.

வட்டப்புழு ஓரடி நீளம்கூட வளரக்கூடியது. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 200,000 வரையான முட்டைகளை இடும். அம்முட்டைகள் மலத்தோடு மண்ணில் விழுந்து, சில வாரங்களில் பக்குவமடைந்து, கழுவாத கையின் வழியாகவோ கழுவாத மரக்கறியின் வழியாகவோ வாய்க்குள் போகின்றன. சாட்டைப்புழுவும் இதே வழியில் வந்து பெருங்குடலில் தங்குகிறது. கொக்கிப்புழுவின் வழி வேறு: அதன் குஞ்சுகள் ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே நுழைந்து, கடைசியில் குடற்சுவரைக் கடித்துக்கொண்டு இரத்தம் குடிக்கின்றன. தேயிலை மலையில் அட்டை கடித்தால் நமக்கு உடனே தெரிகிறது. உப்பைத் தூவியோ சவர்க்காரத்தைத் தடவியோ உதறிவிடுகிறோம். கொக்கிப்புழுவும் அட்டையைப் போல இரத்தம் குடிப்பதுதான். ஆனால் அது ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்து குடிப்பதை யாரும் காண்பதில்லை.

மலையகம் முழுவதும் ஒரே அளவில் புழு இருப்பதில்லை. கொக்கிப்புழுவின் குஞ்சுகள் வளர வெதுவெதுப்பான ஈரமண் வேண்டும். நுவரெலியாவைச் சுற்றிய குளிர்ந்த உயரங்கள் அதற்கு ஏற்றவை அல்ல. தாழ்ந்த உயரத்திலுள்ள தோட்டங்களில்தான் அதற்கு வாய்ப்பு அதிகம். வட்டப்புழுவின் முட்டையோ தடித்த ஓடு கொண்டது, குளிரைத் தாங்கும், நிழலான ஈரமண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இது நமக்குப் புதிய கதையும் அன்று. கொக்கிப்புழுவை ஒழிப்பதற்கென்று ராக்பெல்லர் அறக்கட்டளையின் சுகாதாரப் பிரிவு இலங்கைத் தோட்டங்களில் 1916ஆம் ஆண்டிலேயே வேலையைத் தொடங்கியது. அதன்பின் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கடந்து, 1992இல் தோட்டத்துறை முழுவதிலும் சிறுவர்களையும் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களையும் சோதித்தபோது, நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இப்புழுக்களில் ஏதேனும் ஒன்று இருந்தது. 1994 முதல் 2005 வரை ஆண்டுக்கு இருமுறை 3 வயது முதல் 18 வயது வரையான எல்லோருக்கும் பூச்சி மருந்து கொடுக்கப்பட்டது. அது நிறுத்தப்பட்டு நான்காண்டுகளுக்குப் பிறகு ஐந்து மாவட்டங்களின் 114 பாடசாலைகளில் 1,890 பிள்ளைகளின் மலத்தைச் சோதித்தபோது, 29 சதவீதத்தினரிடம் புழு இருந்தது. தொண்ணூறு இருபத்தொன்பதாகக் குறைந்தது பெரிய வெற்றிதான். ஆனால் பத்தில் மூன்று பிள்ளைகள் என்பது, ஒரு வகுப்பில் முப்பது பேர் இருந்தால் ஒன்பது பேர் என்று எண்ணிப் பார்க்கும்போதுதான் மனதில் தைக்கிறது.

புழு இருக்கும்போது உடல் என்ன செய்கிறது?

தோட்டத்தில் காலைப் பெரட்டுக் களத்தை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. இருக்கின்ற ஆட்களை எந்த மலைக்கு எத்தனை பேர் என்று பிரித்து அனுப்ப வேண்டும். நம் உடலின் நோயெதிர்ப்பு உயிரணுக்களும் அவ்வாறே பிரிக்கப்படுகின்றன. நுண்ணுயிர்கள் உயிரணுவுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும் காசநோய் போன்றவற்றை எதிர்க்க ஒரு வகை அணி தேவை. அது இன்டர்பெரோன் காமா என்ற செய்திப் பொருளைச் சுரந்து வேலை செய்யும். புழுவைப் போன்ற பெரிய உயிரை வெளியேற்ற இன்னொரு வகை அணி தேவை. இந்த இரண்டாவது அணி பெருகினால் முதலாவது அணி ஒடுங்கிப்போகும் இயல்பு உண்டு.

இது பாதிக் கதைதான். புழுவுக்கு ஆண்டுக்கணக்கில் உள்ளேயே வாழ வேண்டும். அதற்கு உடல் தன்னைத் தாக்காமல் இருக்க வேண்டும். ஆகவே அது உடலின் அடக்கும் உயிரணுக்களைத் தூண்டிவிடுகிறது. அவை இன்டர்லூக்கின் 10 முதலிய பொருள்களைச் சுரந்து, எதிர்ப்பு முழுவதையும் ஒரு படி தணித்து வைக்கின்றன. இந்தத் தணிப்பு புழுவை மட்டும் பார்த்து நிகழ்வதில்லை. அதே நேரத்தில் உடலுக்குள் வரும் தடுப்பூசியையும் உடல் சற்று அசட்டையாகவே பார்க்கிறது.

மூன்றாவது வழி நேரடியானது. எனக்கு அதுவே நம் பிள்ளைகளுக்கு மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது. கொக்கிப்புழு இரும்புச்சத்தைக் குடிக்கிறது. வட்டப்புழு உணவையும் விற்றமின் ஏயையும் பங்கு கேட்கிறது. சாட்டைப்புழு பெருகினால் நீங்காத வயிற்றோட்டத்தைத் தருகிறது. இரத்தசோகையுள்ள குழந்தைகளின் தடுப்பூசிப் பதில் குறைந்திருப்பதை கென்யாவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2020இல் காட்டியது. புழு, இரத்தசோகை, எடைக்குறைவு ஆகிய மூன்றும் ஒரே லயத்தில், பல வேளை ஒரே பிள்ளையிடத்தில் சேர்ந்திருக்கும் நம் சூழலில், எது எதைக் கெடுத்தது என்று பிரித்தறிவது ஆய்வாளருக்குக் கடினம். தாய்க்கோ அது தேவையும் இல்லை, ஏனெனில் மூன்றையும் சேர்த்தே கவனிக்க வேண்டியிருக்கிறது.

வாய்வழியாகக் கொடுக்கும் சொட்டு மருந்துகளுக்கு இன்னொரு இடையூறும் உண்டு. அடிக்கடி அழுக்கு நீரும் கிருமியும் உட்சென்ற குடலின் உட்சுவர் நாளடைவில் வீங்கித் தேய்ந்துவிடுகிறது. அத்தகைய குடல் வழியாகப் போகும் போலியோச் சொட்டு மருந்து, ஊசியாகச் செலுத்தப்படும் மருந்தைவிட எளிதில் வலுவிழக்கக்கூடும். நமது அட்டவணையில் சொட்டு மருந்தோடு போலியோ ஊசியும் 2, 4 ஆம் மாதங்களில் சேர்க்கப்பட்டிருப்பது இவ்வகையில் ஓர் ஆறுதல்.

ஆய்வுகள் உண்மையில் சொல்வது

இந்த இடத்தில் சற்று நிதானம் வேண்டும், ஏனென்றால் சமூக வலைத்தளங்களில் இவ்விடயம் இரண்டு முனைகளுக்கு இழுக்கப்படுகிறது.

எத்தியோப்பியாவில் புழுவுள்ள பெரியவர்களுக்கு முதலில் அல்பென்டசோல் என்ற பூச்சி மருந்தைக் கொடுத்து, பிறகு காசநோய்த் தடுப்பூசியான பீ.சி.ஜி. போட்டபோது, மருந்து பெறாதவர்களைவிட அவர்களின் எதிர்ப்பு உயிரணுக்கள் வலுவாக வேலை செய்தன. ஈக்குவடோரில் வட்டப்புழுவுள்ள சிறுவர்களுக்கு வாய்வழிக் கொலரா தடுப்பு மருந்துக்கு முன் அதே அல்பென்டசோலைக் கொடுத்தபோதும் பதில் மேம்பட்டது. பன்றிக்குட்டிகளிலும் எலிகளிலும் செய்யப்பட்ட சோதனைகள் இதே திசையில்தான் சுட்டுகின்றன. எலிகளில், புழு நீங்கிய பின்னரும் சிறிது காலம் மந்தம் தொடர்ந்தது. மனிதரிலும் விலங்குகளிலும் நடந்த பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தவர்கள், தடுப்பூசி பெறும் வேளையில் ஒட்டுண்ணி இருந்தால் மொத்தத்தில் பதில் குறைகிறது என்றும், எந்த ஒட்டுண்ணி, எந்தத் தடுப்பூசி, எந்த நேரம் என்பதைப் பொறுத்து அந்தக் குறைவு பெரிதும் மாறுகிறது என்றும் கண்டார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உகாண்டாவின் என்டெபே நகரில் 2,507 கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பூச்சி மருந்தும் மற்றவர்களுக்கு வெறும் குளிசையும் கொடுத்துப் பார்த்தார்கள். பிறந்த குழந்தைகள் பீ.சி.ஜி., ஏற்புவலி, சின்னமுத்துத் தடுப்பூசிகளுக்குக் காட்டிய பதிலில் வேறுபாடு தென்படவில்லை. அதே நாட்டில் பாடசாலைப் பிள்ளைகளிடையே அண்மையில் நடத்தப்பட்ட பெரிய சோதனைகளிலும், தீவிரமாகப் பூச்சி மருந்து கொடுத்ததால் தடுப்பூசிப் பதில் பெரிதாக உயர்ந்துவிடவில்லை.

செங்கல்பட்டை நினைவுகூராமல் இதைக் கடந்து போக முடியாது. தமிழ்நாட்டின் அந்த மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பெரும் சோதனையில், பீ.சி.ஜி. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்ற முடிவு உலகைத் திடுக்கிட வைத்தது. ஏன் என்பதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்களில் மண்ணிலும் நீரிலும் வாழும் வேறு நுண்ணுயிர்களே முதலிடம் பெற்றன. குடற்புழுக்களும் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆனால் பச்சிளங் குழந்தைகளை மூளைக் காசநோயிலிருந்து அதே பீ.சி.ஜி. காக்கிறது என்பதில் ஐயமில்லை. அதற்காகத்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள்.

இவற்றை எல்லாம் படித்த பின் என் கணிப்பு இதுதான்: புழு தடுப்பூசியின் விளக்கைத் தூண்டாமல் விட்டுவிடக்கூடும், அணைத்துவிடுவதில்லை. பூச்சி மருந்து கொடுப்பதற்குப் பிள்ளையின் இரத்தமும் வளர்ச்சியும் படிப்புமே போதிய காரணங்கள். தடுப்பூசி சற்று நன்றாக ‘எடுத்தால்’ அது மேலதிக இலாபம். தடுப்பூசியைத் தள்ளிப்போட்டால் வரும் நட்டமோ உறுதியானது. இலங்கை 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. 2023இல் அந்நோய் மீண்டும் தலைகாட்டியபோது, ஊசி போடாத பிள்ளைகளைத் தேடிப் போட வேண்டியதாயிற்று.

இரண்டு நாட்காட்டிகள்

வீட்டுச் சுவரில் தொங்கும் கலண்டரில் இரண்டு நிறப் பேனைகளால் குறித்துக்கொள்ளுங்கள்: தடுப்பூசிக்கு ஒரு நிறம், பூச்சி மருந்துக்கு ஒரு நிறம். ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதே விதி; தற்செயலாக இரண்டும் ஒரே நாளில் வந்துவிட்டால் அதனால் கெடுதி எதுவுமில்லை, இரண்டையும் அன்றே பெறலாம்.

இவ்விரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். பிறந்ததும் பீ.சி.ஜி., 2, 4, 6 ஆம் மாதங்களில் ஐந்து நோய்க்கான கூட்டுத் தடுப்பூசியும் போலியோவும், 9ஆம் மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகியவற்றுக்கான ஊசி, 12ஆம் மாதத்தில் ஜப்பானிய மூளையழற்சிக்கான ஊசி என்று முதல் ஆண்டின் தடுப்பூசிகளில் பெரும்பாலானவை, பிள்ளை மண்ணில் இறங்கி விளையாடுவதற்கு முன்னரே முடிந்துவிடுகின்றன. வட்டப்புழு உள்ளே சென்று முழுப்புழுவாக வளர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தத் தடுப்பூசிகளைப் புழு கெடுக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. காலத்தோடு போடுவதே இங்கே பாதுகாப்பு: ஒன்பதாம் மாத ஊசியைப் பதினைந்தாம் மாதம் வரை இழுத்தடித்தால், பிள்ளை அதற்குள் தவழ்ந்து மண்ணை வாயில் வைத்திருக்கும். புழுவுக்குப் பயந்து ஊசியைத் தள்ளிப்போடுபவர் உண்மையில் புழுவிடமே ஊசியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்.

புழு உண்மையாகவே உள்ளே இருக்கக்கூடிய வயதில் வருபவை பிந்திய தடுப்பூசிகள்: ஒன்றரை வயதில் தொண்டைக்கரப்பான், கக்குவான், ஏற்புவலி ஆகியவற்றுக்கான முக்கூட்டு ஊசியும் போலியோச் சொட்டும், 3 வயதில் சின்னமுத்து ஊசியின் இரண்டாம் முறை, 5 வயதில் பாடசாலை சேரும்போது தொண்டைக்கரப்பான், ஏற்புவலி ஊசியும் சொட்டு மருந்தும், ஆறாம் வகுப்பில் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான இரு ஊசிகள், ஏழாம் வகுப்பில் மீண்டும் ஏற்புவலி, தொண்டைக்கரப்பான் ஊசி. இந்த வயதுகளில்தான் பூச்சி மருந்தைத் தவறவிடக் கூடாது. பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கவேண்டிய பூச்சி மருந்து ஒழுங்காகக் கிடைத்துவந்தால், எந்த ஊசி எந்த நாளில் வந்தாலும் பிள்ளை அதற்கு ஓரளவு தயாராகவே இருக்கும். ஊசிக்கென்று தனியாக ஒரு முறை கொடுக்க வேண்டியதில்லை.

கிளினிக் புத்தகத்தில் தடுப்பூசிப் பக்கம் ஒன்றும் விற்றமின் ஏ, பூச்சி மருந்து ஆகியவற்றுக்கான பக்கம் ஒன்றும் இருக்கின்றன. முதலாவது பக்கத்தைத் தாய்மார் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறார்கள். இரண்டாவது பக்கம் பல புத்தகங்களில் வெறுமையாகவே கிடக்கிறது. பிள்ளைமடுவத்திலோ முன்பள்ளியிலோ மருந்து கொடுத்திருப்பார்கள், ஆனால் யாரும் எழுதியிருக்கமாட்டார்கள். குளிசை கொடுத்த அன்றே திகதியை எழுதித் தரும்படி குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கேட்பது தவறில்லை, அது உங்கள் புத்தகம்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு சொல். முதல் மூன்று மாதங்களில் பூச்சி மருந்து எடுக்கவே கூடாது. அதன்பின் கிளினிக்கில் தரும்போது மறுக்காமல் எடுக்க வேண்டும். ஏற்புவலி ஊசியையும் இரும்புச்சத்துக் குளிசையையும் அவ்வாறே. தாய் எடுக்கும் பூச்சி மருந்து குழந்தையின் தடுப்பூசியை வலுவாக்கும் என்று எதிர்பார்த்து அன்று. கொழுந்துக் கூடையோடு மலையேறி இறங்கும் தாயின் இரத்தசோகையைத் தடுப்பதற்கே.

குளிசையைக் கொடுக்கும் முறை

இலங்கையில் பெரும்பாலும் தரப்படுவது மெபென்டசோல். இரண்டு வயதுக்கு மேல் 500 மில்லிகிராம், ஒரே முறை. இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அளவையும் முறையையும் குடும்பநல உத்தியோகத்தரோ வைத்தியரோ சொல்வதுபடியே கொடுக்க வேண்டும். மூத்த பிள்ளையின் குளிசையைப் பாதியாக முறித்துக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். குளிசையை மென்று விழுங்குவதே நல்லது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அதை நன்றாகப் பொடித்துச் சிறிது நீரில் கலந்து கொடுக்க வேண்டும். அழுகிற பிள்ளையின் மூக்கைப் பிடித்து வாயில் திணித்தால் குளிசை மூச்சுக்குழாயில் சிக்கிவிடும் ஆபத்து உண்டு. பசியோடு இருக்க வேண்டியதில்லை; பேதி மருந்தும் வேண்டாம்.

முன்பெல்லாம் ஆமணக்கெண்ணெய் கொடுத்து ஒரு நாள் முழுவதும் பிள்ளையை வெளியே ஓட வைத்த பிறகே பூச்சி போனதாக நம்புவார்கள். இன்றைய மருந்துக்கு அப்படி எதுவும் தேவையில்லை. குளிசை எடுத்தும் மலத்தில் புழு வெளிவரவில்லையே என்று ஐயப்படவும் வேண்டாம். பெரும்பாலும் அது சிதைந்தே வெளியேறும். அதுபோல, இரவில் பல்லை நறநறவென்று கடிப்பது பூச்சிக்கு அடையாளம் என்பதும், இனிப்புத் தின்றால் பூச்சி வளரும் என்பதும் நம் பாட்டிமார் சொல்லிவந்தவை. பல்லைக் கடிக்காத பிள்ளைக்கும் வட்டப்புழு இருக்கலாம். குறைந்த அளவில் புழு இருந்தால் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. ஆகவேதான் அறிகுறி பார்த்துக் கொடுக்காமல் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள்.

மருந்துக்கும் ஓர் எல்லை உண்டு. வட்டப்புழுவை அது நன்றாக வெளியேற்றும். சாட்டைப்புழுவை ஒரே குளிசை பாதியளவுகூட முற்றாக நீக்குவதில்லை. எண்ணிக்கையைக் குறைக்கும், அவ்வளவே. நீண்ட நாள் வயிற்றோட்டமும் இரத்தசோகையும் உள்ள பிள்ளையை, “போன மாதம்தானே பூச்சி மருந்து கொடுத்தோம்” என்று வீட்டிலேயே வைத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டி மலத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். வயிறு உப்பி, கடுமையாக வலித்து, வாந்தி எடுத்து, மலமோ காற்றோ வெளியேறாமல் இருந்தால், புழுக்கள் திரண்டு குடலை அடைத்திருக்கலாம். அப்போது பூச்சிக் குளிசையும் கொடுக்கக் கூடாது, எண்ணெயும் கொடுக்கக் கூடாது. இரவானாலும் லொறியோ முச்சக்கர வண்டியோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

திரும்ப வராமல் இருக்க

பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மருந்து கொடுத்து ஆறு மாதத்தில் வட்டப்புழு பழைய அளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குத் திரும்பிவிடுகிறது. ஓராண்டில் கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிவிடுகிறது. மண்ணில் முட்டை இருக்கும் வரை குளிசை ஓட்டைச் சட்டியில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

எனவே மண்ணையும் கவனிக்க வேண்டும். பல லயங்களில் மலசலகூடம் பல குடும்பங்களுக்குப் பொதுவாக இருக்கிறது. இரவில் மழையில் இறங்கிப் போக அஞ்சி, சின்னப் பிள்ளைகளை வாசல் கானோரத்தில் உட்கார வைப்பதை நானும் பார்த்திருக்கிறேன், என் பிள்ளைப் பருவத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தூரமும் இருட்டும் தாய்மார் உண்டாக்கியவை அல்ல. ஆயினும் குழந்தையின் மலம் தீங்கற்றது என்ற எண்ணம் தவறு. ஒரு பழைய பாத்திரத்தில் இருக்கச் செய்து அதை மலசலகூடத்திலேயே கொட்டினால், கானோர மண்ணில் விழும் முட்டைகள் மிகவும் குறையும்.

பீலித் தண்ணீர் தெளிவாக இருப்பதால் சுத்தமானது என்று நம்பிவிடக் கூடாது. மேலே எந்த லயத்தின் கான் அதில் கலக்கிறது என்பது பீலிக்கரையில் நிற்பவருக்குத் தெரியாது. கொதிக்க வைத்து ஆறிய நீரையே பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுங்கள். மலசலகூடம் போன பின்னும், உணவு ஊட்டும் முன்னும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவ வேண்டும். பிள்ளையின் நகங்களை வாரம் ஒருமுறை வெட்ட வேண்டும். வல்லாரைச் சம்பல், பச்சைக் கரட், லீக்ஸ் ஆகியவற்றைப் பச்சையாக உண்பதாயின், மண் போகும்வரை ஓடும் நீரில் ஒவ்வொரு இலையாகக் கழுவ வேண்டும். மனித மலமோ மலக்குழிக் கழிவோ உரமாக இடப்பட்ட பாத்தியிலிருந்து வந்தவையாயின் சமைத்தே உண்ண வேண்டும். தாழ்ந்த உயரத் தோட்டங்களில் செருப்பு கட்டாயம்: பிள்ளைகளுக்கு மட்டுமன்று, புல்வெட்டும் பெரியவர்களுக்கும்.

பெரியவர்களைப் பற்றி இன்னொன்று. கவ்வாத்துக் கத்தி பட்டுக் காலில் வெட்டுக்காயத்தோடு டிஸ்பென்சரிக்கு வரும் தொழிலாளருக்கு ஏற்புவலி ஊசி போடப்படுகிறது. வேறு நாடுகளில் வேறுவகைப் புழுக்கள் உள்ள பெரியவர்களிடம் ஏற்புவலி ஊசிக்கான பதில் குறைந்திருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாடசாலையை விட்ட பிறகு பூச்சி மருந்தையே காணாத பெரியவர்கள் நம்மிடையே பலர். அந்த ஊசிக்குப் போகும்போது, கடைசியாகப் பூச்சி மருந்து எடுத்தது எப்போது என்று கேட்டு, தேவையானால் அதையும் வைத்தியரின் ஆலோசனையுடன் எடுத்துக்கொள்ளலாம்.

தவறவிட்டவர்களுக்கு

தடுப்பூசித் தொடரில் ஒன்றைத் தவறவிட்டிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை; விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஆகவே ஏசுவார்களோ என்று பயந்து கிளினிக்குக்குப் போகாமல் இருக்க வேண்டாம். பீ.சி.ஜி. போட்ட இடத்தில் தழும்பு வரவில்லை என்றால் ஆறு மாதத்துக்குப் பிறகு குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். ஐந்து வயதுக்குள் மறுமுறை போடும் வசதி உண்டு. பூச்சி மருந்து தவறியிருந்தால் அடுத்த முறைக்காக ஆறு மாதம் காத்திருக்காமல், அடுத்த கிளினிக் நாளிலேயே கேட்டு வாங்கலாம். வேலைக்காகக் கொழும்புக்குப் போய் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுச்செல்லும் பெற்றோர், உடுப்புப் பையை ஒப்படைக்கும்போதே கிளினிக் புத்தகத்தையும் ஒப்படைத்து, அடுத்த ஊசித் திகதியையும் அடுத்த பூச்சி மருந்துத் திகதியையும் பாட்டிக்கு வாசித்துக் காட்டிவிட்டுப் போக வேண்டும். எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டியாக இருந்தால், பக்கத்துக் காம்பராவில் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடமும் அத்திகதிகளைச் சொல்லி வையுங்கள்.